கோப்புறைகள் இல்லாத காலம்: கணினிக் கோப்புகளும் பெயரிடும் இலக்கணமும்



மொழியியல் பயின்ற நாம் கணினியின் வரலாற்றைப் பேச முன்வந்தது ஏன் என்னும் வினா உங்களுள் சிலர்க்கு எழக்கூடும். பொறிநுட்பம் எமது துறையன்று. ஆயினும், பெயரிடுதல் மொழியின் தலையாய தொழில்களுள் ஒன்று. கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு புதிய பெயரைப் படைக்கிறோம். அப்பெயர் எப்பொருளைத் தன்னுள் சுமக்கிறது, எதனைத் தனக்கு வெளியே விட்டுவிடுகிறது என்பது மொழியியலார் கேட்க வேண்டிய வினாவே.

அவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய காலம் ஒன்று உண்டு. அது 1970களின் நடுப்பகுதியில் தொடங்கி 1980களின் நடுப்பகுதிவரை நீண்ட சிறு கணினிகளின் காலம். அக்கணினிகள் பலவற்றில் கோப்புறை என்பதே கிடையாது. அக்காலத்தின்மீது எமக்குள்ள அக்கறைக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனைப் பிற்பகுதியில் கூறுவோம்.

பெரிய கணினியில் இருந்தது, சிறிய கணினியில் இல்லாதது

கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் முறை அக்காலத்தில் எவரும் அறியாத ஒன்றன்று. மல்டிக்ஸ் என்னும் பெருங்கணினித் திட்டத்திற்காக ராபர்ட் டேலி, பீட்டர் நியூமன் ஆகிய இருவரும் 1965ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். வேரிலிருந்து கிளைவிட்டுப் படரும் மரம் போன்ற கோப்பமைப்பை அது விளக்கியது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கைகளில் உருப்பெறத் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளம் அம்மரத்தை எளிமையாக்கி வளர்த்தது.

இவற்றிற்குப் பின்னரே சிபி/எம் என்னும் இயங்குதளம் தோன்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மான்டெரேயில் உள்ள கடற்படை உயர்கல்வி நிலையத்தில் கற்பித்துக்கொண்டிருந்த கேரி கில்டால் 1974ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். அவரும் அவர்தம் துணைவியார் டோரதி மெக்இவனும் நிறுவிய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் அதனை உலகெங்கும் பரப்பியது. பல நிறுவனங்கள் செய்த பலவகைக் கணினிகளில் ஒரே நிரலை இயக்கலாம் என்னும் வசதியைச் சிறு கணினி உலகிற்கு அளித்தது இவ்வியங்குதளமே. ஆனால் இதில் கோப்புறை இல்லை.

அறிந்தே விட்டுவிட்டதற்கு அக்காலக் கருவிகளின் அளவு காரணம். தொடக்கக் காலச் சிபி/எம் 16 கிலோபைட்டு நினைவகத்தில் இயங்க வேண்டியிருந்தது. அதன் முதன்மைச் சேமிப்பு 8 அங்குல நெகிழ்வட்டு. அவ்வட்டில் 77 தடங்கள், தடத்திற்கு 26 கூறுகள், கூறுக்கு 128 பைட்டுகள். பெருக்கினால் 2,56,256 பைட்டுகள். இயங்குதளத்திற்கு 2 தடங்களை ஒதுக்கி, அடைவுக்கு 2 கிலோபைட்டையும் கழித்தால், பயனருக்கு எஞ்சுவது 241 கிலோபைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே இது போதாது.

அடைவு என்பது வட்டில் உள்ள கோப்புகளின் பட்டியல். ஒவ்வொரு வரியும் 32 பைட்டு நீளம். மொத்தம் 64 வரிகள். ஒரு வரி 16 கிலோபைட்டு வரையிலான உள்ளடக்கத்தையே சுட்டும்; கோப்பு அதனினும் நீண்டால் கூடுதல் வரிகள் செலவாகும். ஆகவே ஒரு வட்டில் 64 கோப்புகளுக்கு மேல் இருத்தல் இயலாது. அறுபத்து நான்கு பெயர்களைத் திரையில் ஒருங்கே கண்டுவிடலாம் என்னும்போது, அவற்றைப் பிரித்து வைக்க அறைகள் எதற்கு? அன்றைய வடிவமைப்பாளரின் எண்ணம் இதுவாகவே இருந்திருக்கும்.

வட்டே உறை

உறை இல்லாத கணினியில் மக்கள் கோப்புகளை எவ்வாறு ஒழுங்குபடுத்தினர்? முதல் விடை மிக எளியது: வட்டே உறையாயிற்று. கடிதங்களுக்கு ஒரு வட்டு, கணக்குகளுக்கு ஒரு வட்டு, நூலின் ஒவ்வோர் இயலுக்கும் ஒவ்வொரு வட்டு எனப் பிரித்தனர். வட்டின் தாளுறைமீது ஒட்டுத்தாளில் பொருளை எழுதி, அட்டைப் பெட்டியில் நிறுத்தி வைத்தனர். வட்டின்மேல் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் உள்ளே உள்ள தரவு பழுதாகும் என்பதால், ஒட்டுத்தாளில் முதலில் எழுதிப் பின்னர் ஒட்டுக என்று அறிவுறுத்துவர்.

இம்முறையில் வகைப்பாடு கணினிக்கு வெளியே நின்றது. ஒட்டுத்தாளில் எழுதியிருந்ததைக் கணினி அறியாது. ஒட்டுத்தாள் உதிர்ந்தால் வகைப்பாடும் உதிர்ந்தது. பொருளை இடத்தில் வைத்தோம். இடமோ பெயரிலிருந்து பிரியக்கூடியது. இக்கருத்து இப்பொழிவு முழுவதும் நம்முடன் வரும்.

பெயரின் இலக்கணம்

இரண்டாம் விடை மொழியியலார்க்கு விருந்து. வகைப்பாட்டைப் பெயருக்குள்ளேயே அமைத்தனர். சிபி/எம் கோப்பின் பெயர் இரு பகுதிகளால் ஆனது. முதற்பகுதி 8 எழுத்துகள் வரை, ஒரு புள்ளி, அதன்பின் 3 எழுத்துகள் வரையிலான வகைக்குறி. உரோமப் பேரெழுத்தும் எண்களும் சில குறிகளுமே இடம்பெறும். தமிழில் பெயரிட வழியில்லை.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. முதற்பகுதி பகுதி, வகைக்குறி விகுதி. இயக்கத்தக்க நிரலுக்குக் காம் என்னும் விகுதி. பேசிக் மொழியில் எழுதிய நிரலுக்குப் பேஸ் என்னும் விகுதி. விகுதியை நோக்கித் திணையறிவதுபோல், வகைக்குறியை நோக்கிக் கோப்பின் இனத்தை அறிந்தனர். பகுதி ஒன்றே நிற்க விகுதி மாறி வருவதுபோல், ஒரே நூலின் மூலமும் திருந்திய படியும் அச்சுக்குரிய படியும் ஒரே முதற்பெயருடன் வெவ்வேறு வகைக்குறி ஏற்று வந்தன.

விகுதி காலத்தையும் காட்டியது. சிபி/எம் 2.2 பதிப்பின் அடைவில் நாளும் நேரமும் பதிவாவதில்லை. எக்கோப்பு முந்தியது, எது பிந்தியது என்பதைக் கணினியிடம் கேட்டறிய இயலாது. அதனுடன் வந்த திருத்தி நிரலோ ஒரு கோப்பைத் திருத்தும்போது, மூன்று டாலர் குறிகளை வகைக்குறியாகக் கொண்ட தற்காலிகக் கோப்பில் எழுதும். திருத்தம் முடிந்ததும் பழைய கோப்பிற்குப் பிஏகே என்னும் வகைக்குறியைச் சூட்டிவிட்டுப் புதியதற்கு மூலப்பெயரை வழங்கும். பிஏகே இறந்தகாலம், மூன்று டாலர் குறிகள் முற்றுப்பெறாத நிகழ்காலம். நாள்காட்டி இல்லாத அமைப்பில் காலம் விகுதியில் குடியேறியது.

தேடும் முறையும் இவ்விலக்கணத்தைச் சார்ந்ததே. ஓர் எழுத்திற்கு மாற்றாக வினாக்குறியையும், எஞ்சிய எழுத்துகள் அனைத்திற்கும் மாற்றாக உடுக்குறியையும் இடலாம். உடுக்குறி, புள்ளி, பேஸ் என்று எழுதினால் பேசிக் நிரல்கள் அனைத்தும் பட்டியலில் வரும். சிபி/எம் கையேடுகள் இத்தகைய பெயரைப் பொருள்மயக்கப் பெயர் என்றும், ஒரே கோப்பைச் சுட்டுவதை மயக்கமற்ற பெயர் என்றும் பிரித்து வழங்கின. மொழியியல் வகுப்பில் நாம் கற்பித்த சொல்லைப் பொறியாளர் கையேட்டில் கண்டபோது எமக்கு வியப்பே ஏற்பட்டது. மயக்கம் நமக்குக் குறை. அவர்களுக்கு அது கருவி. அழிப்புக் கட்டளையும் மயக்கப் பெயரை ஏற்கும் என்பதால் அது இருமுனைக் கத்தியும் ஆயிற்று. வட்டில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் மட்டுமே கணினி ஒருமுறை வினவும். வேறெந்த மயக்கப் பெயரையும் வினவாமல் அழித்துவிடும்.

நேர்வரிசைப் பட்டியலில் வகைப்பாட்டைப் பொதிந்து வைக்கும் இக்கலை தமிழர்க்கு முன்பே கைவந்தது. அகநானூற்றின் 400 பாடல்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். ஆகப் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் 40 வீதம். ஐந்து திணைக்கும் ஐந்து பகுதிகளை வகுக்காமலே, எண்ணைக் கண்டதும் திணையை அறியச் செய்த தொகுப்பு அது. இங்கு எண் வெறும் வரிசைக்குறியன்று. வகையையும் சுமக்கும் பெயர்.

பயனர் எண் என்னும் ஊமைச் சுவர்

1979ஆம் ஆண்டில் வெளிவந்த சிபி/எம் 2.0 பதிப்பு பயனர் பகுதி என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. ஒரு வட்டில் 0 முதல் 15 வரை 16 பகுதிகள். கட்டளையிட்டு 3ஆம் பகுதிக்குச் சென்றால், அப்பகுதியின் கோப்புகள் மட்டுமே பட்டியலில் தெரியும். வெவ்வேறு பகுதிகளில் ஒரே பெயருடைய கோப்புகள் இருக்கலாம்.

இது கோப்புறை போன்று தோன்றினும் கோப்புறையன்று. வட்டில் அடைவு ஒன்றேதான். 64 வரிகளும் அவையே. ஒவ்வொரு வரியின் முதற்பைட்டிலும் பயனர் எண்ணைப் பொறித்தனர், அவ்வளவே. கோப்பை அழித்தால் அவ்விடத்தில் 229 என்னும் எண் ஏறும். பதினாறடி எண்முறையில் அதனை ஈ5 என்பர். அழிந்த கோப்பின் உள்ளடக்கம் பிறிதொன்று அதன்மேல் எழுதப்படும்வரை வட்டிலேயே கிடந்தது. இருப்பு, இருப்பிடம், இன்மை ஆகிய மூன்றையும் ஒரே பைட்டு உணர்த்தியது.

நடைமுறையில் இடர்ப்பாடு மிகுதி. நகலெடுக்கும் நிரல் 0ஆம் பகுதியில் மட்டும் இருந்தால், 3ஆம் பகுதிக்குச் சென்றவர்க்கு அது கிட்டாது. அதனை 3ஆம் பகுதிக்குக் கொண்டுவர நகலெடுக்கும் நிரல் வேண்டும், அதுவோ அங்கில்லை. ஆகவே பிழைதிருத்தும் நிரலைக் கொண்டு அதனை நினைவகத்தில் ஏற்றி, பகுதியை மாற்றி, நினைவகத்தில் கிடப்பதை அப்படியே புதிய பகுதியில் சேமிப்பர். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய திறவுகோலை எடுப்பது போன்ற வேலை அது.

மொழியியல் நோக்கில் இதன் பெருங்குறை வேறு. பயனர் எண் ஊமை. 3 என்பது கணக்கா, கடிதமா, கவிதையா? அமைத்தவர்க்கே தெரியும். பின்னர் ரிச்சர்டு கான் என்பார் உருவாக்கிய இசட்சிபிஆர்3 என்னும் மாற்று நிரல், இவ்வெண்களுக்குச் சொல்லாலான பெயர் சூட்டும் வசதியைத் தந்தது. எண் பெயராக மாறியதும் மக்கள் மனத்தில் அது அறையாகவே ஆகிவிட்டது. ஆயினும் சிபி/எம் பயன்படுத்தியோர் பலர்க்கு அவ்வசதி எட்டவில்லை.

கோப்புறையின் வருகை

1981இல் ஐபிஎம் மேசைக் கணினியுடன் வந்த டாஸ் இயங்குதளத்தின் முதற்பதிப்பிலும் கோப்புறை இல்லை. 160 கிலோபைட்டு வட்டு. 64 வரி அடைவு. எட்டும் மூன்றுமாகப் பிரிந்த பெயர். சிபி/எம் மரபே அங்கும் தொடர்ந்தது. மாற்றத்தைக் கொணர்ந்தது வன்வட்டு. 1983 மார்ச்சில் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட்டு வன்வட்டு இருந்தது. ஏறத்தாழ 60 நெகிழ்வட்டுகளின் கோப்புகளை ஒரே பட்டியலில் கொட்டினால் எவரால் தேட முடியும்? அதனுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பு, யுனிக்ஸ் வழியில் கிளைவிடும் கோப்புறைகளை ஏற்றது.

1984 சனவரியில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினி திரையில் கோப்புறையின் படத்தையே காட்டியது. ஆயினும் அதன் 400 கிலோபைட்டு வட்டில் இருந்த அமைப்பு நேர்வரிசைப் பட்டியலே. கோப்புறை கண்ணுக்கு மட்டும் உரியது. இரு வேறு கோப்புறைகளில் ஒரே பெயருள்ள இரு கோப்புகளை வைக்க முயன்றால் அது ஏற்காது. 1985இல் புதிய கோப்பமைப்பு வந்த பின்னரே படமும் பொருளும் ஒன்றாயின.

கோப்புறை வந்ததும் பெயரின் இலக்கணம் மாறிற்று. முன்பு எல்லாப் பொருளையும் ஒரு சொல்லே சுமந்தது. இப்போது கோப்பின் முகவரி, ஆறாம் வேற்றுமைத் தொடர்போல் நீண்டது: இவ்வட்டினது, இப்பள்ளியினது, இவ்வாண்டினது, இவ்வறிக்கை. தொடர் நீண்டதால் இறுதிச் சொல்லின் சுமை குறைந்தது. ‘அறிக்கை’ என்று மட்டும் பெயரிட்டாலும் போதுமாயிற்று. 1995இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு இடமளித்தபோதும் இப்பழக்கம் மாறவில்லை. வசதி பெரிது, ஆனால் கோப்பைக் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் அது ஊரும் குடியும் அற்ற பெயராகிவிடுகிறது.

எமது நாற்பத்தேழு கோப்புகள்

இனி, முன்னர்க் கூறிய சொந்தக் காரணம். 1980களின் நடுப்பகுதியில் எமது முனைவர்ப்பட்ட ஆய்வுக்காக மூன்று தோட்டங்களில் முதியோர் பேச்சை ஒலிநாடாவில் பதிந்தோம். அப்பேச்சுகளை உரோம எழுத்தில் பெயர்த்து, பழைய சிபி/எம் கணினி ஒன்றில் 47 கோப்புகளாகச் சேமித்தோம். முதல் தோட்டத்திற்கு 1ஆம் பயனர் பகுதி, இரண்டாம் தோட்டத்திற்கு 2, மூன்றாவதற்கு 3. கோப்பின் பெயரில் பேச்சாளர் எண்ணும் நாடா எண்ணும் மட்டுமே இருந்தன. ஊர் எதுவென்று பகுதி எண்ணே காட்டும்போது, பெயரிலும் எழுதுவது கூறியது கூறல் என்று கருதினோம். இலக்கணம் கற்ற செருக்கு அது.

ஆண்டுகள் பல கழிந்தன. ஒலிநாடாக்களில் பூஞ்சை படர்ந்தது. வட்டுகளைப் புதிய கணினிக்கு மாற்றுமாறு ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் செம்மையாகவே செய்தார். மூன்று பகுதிகளின் கோப்புகளையும் வரிசையாக ஒரே கோப்புறையில் இறக்கினார். பயனர் எண் என ஒன்று உண்டு என்பதை அவர் அறியார், நாமும் சொல்லவில்லை. ஒரே பெயருடைய கோப்புகள் வந்தபோது, பின்வந்தது முன்னதை அழித்தது. எஞ்சியவை 29. நாம் சரிபார்க்கும் முன்னரே பழைய வட்டுகளைக் கழித்துவிட்டிருந்தோம்.

இழந்த 18 கோப்புகளுள் ஒன்று, முதல் தோட்டத்து மூதாட்டி ஒருவர் தம் தாயார்க்குப் பாடியதாகச் சொல்லி எமக்குப் பாடிக்காட்டிய ஒப்பாரி. நாம் திரும்பச் சென்று கேட்டிருக்கலாம். அவரோ அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அவர் குடும்பத்தார் ஒருமுறை எம்மிடம் அப்பாடலைக் கேட்டனர். கொடுக்க எம்மிடம் எதுவும் இல்லை.

எஞ்சிய 29 கோப்புகள் எந்தெந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவை? பெயர் சொல்லவில்லை; பேச்சே சொல்ல வேண்டியிருந்தது. ‘வந்தாங்க’ என்பார் எவர், ‘வந்தாக’ என்பார் எவர். உறவுப்பெயர்களை எவ்வாறு வழங்கினர். மலாய்ச் சொற்களை எவ்வொலியோடு கலந்தனர் என வரிவரியாக நோக்கினோம். நான்கு மாத உழைப்பில் 23 கோப்புகளுக்கு ஊரைக் கண்டறிந்தோம். 6 கோப்புகள் இன்றளவும் ஊரற்றே நிற்கின்றன. பெயருக்கு உரிய எட்டு இடங்களுள் இரண்டு வெற்றாகவே கிடந்தன. அவற்றுள் ஒன்றில் ஊரின் முதலெழுத்தை இட்டிருந்தால் ஒரு கோப்பும் அழிந்திராது.

நிறைவாக

கோப்புறை வேண்டாம் என்பது எமது கருத்தன்று. பதினாயிரக்கணக்கான கோப்புகளை ஒரே பட்டியலில் வைத்து வாழ எவராலும் இயலாது. ஆயினும் கோப்புறை இல்லாத காலத்தவர் நெருக்கடியால் கற்ற பாடம் ஒன்றை நாம் வசதியால் மறந்துவிட்டோம். இடம் கோப்புடன் பயணம் செய்வதில்லை; பெயர் செய்கிறது. மின்னஞ்சலில் அனுப்பும்போதும், வேறு கணினிக்கு மாற்றும்போதும், கைப்பேசியிலிருந்து பகிரும்போதும் கோப்புறை பின்தங்கிவிடும். பெயர் மட்டுமே வாயிலைக் கடந்து செல்லும்.

இன்று நம் இல்லங்களில் பாட்டி தாத்தாவின் குரல்கள் கைப்பேசிகளில் பதிவாகின்றன. ஆலயங்கள், தமிழ்ப்பள்ளிகள், சங்கங்கள் ஆகியவற்றின் ஆவணங்கள் மின்வடிவம் பெறுகின்றன. அவற்றுள் பல, கருவி தானாகச் சூட்டிய எண்களையே பெயராகக் கொண்டுள்ளன. நமக்கு எட்டு எழுத்து என்னும் எல்லை இல்லை. தமிழிலேயே பெயரிடவும் தடையில்லை. யார், எவ்வூர், எவ்வாண்டு என்னும் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஆண்டை முதலில் இட்டு, அதன்பின் திங்களையும் நாளையும் இரண்டிரண்டு இலக்கமாக இட்டால், பட்டியல் தானே காலவரிசையில் நிற்கும். கோப்புறையின் பெயரில் இருப்பதை மீண்டும் எழுதுவது கூறியது கூறல் என்று தயங்க வேண்டா.

அந்த 29 கோப்புகளுக்கும் நாம் புதிய பெயர் சூட்டிவிட்டோம். ஊரறியா ஆறிற்கும் ‘ஊர் தெரியவில்லை’ என்று பெயரிலேயே எழுதியுள்ளோம். எம்மினும் நுண்ணிய செவியுடைய ஆய்வாளர் ஒருவர் என்றேனும் அவற்றைப் படித்து, அச்சொற்களை நீக்கி ஊரின் பெயரை எழுதக்கூடும்.